தெண்டகுரு: எலும்புகளும் அவற்றைச் சுமந்தவர்களும்

பேர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதல் பெரிய மண்டபத்தில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. உயரம் 13.27 மீற்றர். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தி நிறுத்தப்பட்ட டைனோசர் எலும்புக்கூடுகளில் உலகிலேயே உயரமானது இதுதான் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. ஜேர்மனியில் வாழும் எம்மவரின் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் போய் இதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உயரம், நீளம், என்ன தின்றது என்பதையெல்லாம் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "ஆபிரிக்காவிலிருந்து" என்கிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நெடுங்காலமாக அந்த மண்டபமும் அதற்கு மேல் அதிகம் சொன்னதில்லை.

அந்த எலும்புகள் வந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. தெண்டகுரு. இன்றைய தன்சானியாவின் தென்கிழக்கில், இந்து சமுத்திரக் கரையிலுள்ள லிண்டி என்ற துறைமுக நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் உள்ளே இருக்கும் ஒரு குன்று. அங்கு வாழும் முவேரா மக்களின் மொழியில் 'செங்குத்தான குன்று' என்று பொருளாம். குன்றைச் சுற்றிக் கிடக்கும் பாறை அடுக்குகள் முழுவதையும் சேர்த்துப் புவியியலாளர்கள் தெண்டகுரு பாறைத்தொகுதி என்கிறார்கள். ஆபிரிக்காவில் டைனோசர் உயிர்ச்சுவடுகள் கிடைத்த இடங்களில் இதற்கு ஈடான புகழ் உள்ள இடங்கள் மிகச் சில.

இந்தப் பாறையைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடற்கரை எப்படி இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாறைகள் குறைவு. மற்றது, அந்தப் பாறை எப்போது, எந்த நிலையில் இருந்த மக்களைக் கொண்டு தோண்டப்பட்டது என்பது. இரண்டையும் பிரித்து எழுதலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பாறை சொல்வது

முதலில் பாறை. அடையற்பாறை என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. கிணறு வெட்டும்போது வரும் சுண்ணக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிப்பியின் அச்சும் சோகியின் அச்சும் தெரியும். ஆழமற்ற கடலின் அடியில் படிந்த சேறும் ஓடுகளும் இறுகிக் கல்லானது அது. ஆனால் குடாநாட்டுக் கல் மயோசீன் காலத்தது. அது படியத் தொடங்கியபோது டைனோசர்கள் அழிந்து 40 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் எங்கள் கிணறுகளில் எவ்வளவு ஆழம் போனாலும் அந்தக் கல்லில் டைனோசர் எலும்பு வராது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் அதைவிட மிகப் பழைய பாறை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய அந்தப் பாறை உருவான காலத்தில் எலும்புள்ள உயிர் எதுவுமே உலகில் இருக்கவில்லை. டைனோசர் காலத்துக்குரிய அடையற்பாறை இலங்கையில் புத்தளம் பக்கத்தில், தப்போவ என்ற இடத்தை ஒட்டிச் சிறு திட்டாக உண்டு. யுராசிக் காலத்து இலைகளின் அச்சுகள் அதில் கிடைத்தன. 1922இல் சேவார்ட், ஹொல்ட்டம் என்ற இரு தாவரவியலாளர்கள் அவற்றை விபரித்து எழுதினார்கள்.

தப்போவவின் இலைகளும் தெண்டகுருவின் எலும்புகளும் தொடர்பற்ற இரு செய்திகள் அல்ல. அந்தக் காலத்தில் ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகள். அந்த நிலம் அப்போதுதான் பிளக்கத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்கா ஒரு பக்கம் நிற்க, மடகஸ்காரும் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த துண்டு மறுபக்கம் விலக, இடையில் ஒரு புதிய கடல் புகுந்தது. தெண்டகுரு அந்தப் புதுக் கடலின் மேற்குக் கரை. அங்குள்ள மணற்கல்லில் நிறைந்து கிடக்கும் சிப்பி வகை ஒன்றின் பெயர் இந்தோட்ரிகோனியா. இந்தியாவின் பெயரைத் தாங்கியிருக்கும் அதே சிப்பிக் குடும்பம் குஜராத்தின் கட்ச் பகுதிப் பாறைகளிலும் கிடைக்கிறது. இன்று இடையில் முழு அரபிக்கடல் கிடக்க, இரு கரையிலும் ஒரே சிப்பி எப்படி வந்தது என்ற கேள்விக்குக் கொண்டுவானாதான் பதில்.

தெண்டகுருவில் அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. ஒரு அடுக்கு மணற்கல், அதில் கடற்சிப்பிகள். அதற்கு மேல் சுண்ணாம்பு கலந்த களி அடுக்கு, அதில் டைனோசர் எலும்புகள். மறுபடி கடல். மறுபடி எலும்பு. இப்படி எலும்பு அடுக்குகள் கீழ், நடு, மேல் என மூன்று. எல்லாம் சேர்ந்து 100 மீற்றருக்கு மேல் தடிப்பம். கடல் மேலேறி, பின்வாங்கி, மீண்டும் ஏறியதன் பதிவு அது. பெரும்பகுதி யுராசிக் காலத்தின் கடைசிப் பகுதிக்குரியது, அதாவது ஏறக்குறைய 150 மில்லியன் ஆண்டுகள். ஆக மேலே உள்ள அடுக்கு கிரிற்றேசியஸ் காலத்துக்குள் போகிறது.

அந்தக் கரையை மனதில் வரைந்துகொள்ள எங்கள் நாட்டவர்க்குச் சிரமம் இராது. மணல் திட்டு ஒன்று கடலை மறித்து நிற்கிறது. அதற்கு உள்ளே களப்பு. களப்பைச் சுற்றி வற்றுப்பெருக்கில் மூடித் திறக்கும் சேற்று வெளி. இன்னும் உள்ளே போனால் ஊசியிலை மரக் காடு. மழைக்காலம் ஒன்று, நீண்ட கோடை ஒன்று. பெரிய தாவரவுண்ணிகள் காட்டிலிருந்து களப்புப் பக்கம் வந்தன. சில சேற்றில் புதைந்தன. காலின் எலும்புகள் கிடையாக விழாமல், நின்ற நிலையிலேயே செங்குத்தாகப் பாறைக்குள் கிடைத்திருக்கின்றன. மிருகம் நின்ற இடத்திலேயே புதைந்தால் மட்டுமே அப்படி இருக்க முடியும். உடலின் மேற்பகுதி வெளியே கிடந்து அழுகிச் சிதறிப்போக, கால் மட்டும் சேற்றுக்குள் காப்பாற்றப்பட்டது.

கின்டோப்பே என்ற ஊருக்கு அருகில் ஒரே குழியிலிருந்து சிறிய தாவரவுண்ணி ஒன்றின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. குஞ்சும் வளர்ந்ததுமாக எல்லா வயதினவும் ஒன்றாகக் கிடந்தன. டைசலோட்டோசோரஸ் என்பது அதன் பெயர். அதன் முழுப் பெயருக்குப் பிறகு வருகிறேன், அது ஒரு கதை.

பேர்லினில் நிற்கும் உயர்ந்த எலும்புக்கூட்டின் மிருகம் ஜிரஃபாட்டிட்டன். ஒட்டகச்சிவிங்கி போலக் கழுத்தை மேலே தூக்கியது, முன்கால் பின்காலைவிட நீளம். முன்காலின் மேலெலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீற்றருக்கு மேல். ஒரு மனிதன் அதற்குப் பக்கத்தில் நின்றால் எலும்புதான் உயரம். 1914இல் வேர்னர் யானென்ஷ் இதை அமெரிக்காவில் கிடைத்த பிராக்கியோசோரஸின் இன்னொரு இனம் என்று கருதிப் பெயரிட்டார். இரண்டும் வேறு வேறு என்பது 2009இல் மைக்கல் டெய்லரின் ஆய்வோடு நிலைபெற்றது. இதோடு கிடைத்தவை: குட்டைக் கழுத்து டைக்ரியோசோரஸ், முதுகில் தகடும் வாலில் முள்ளும் கொண்ட கென்ட்ரோசோரஸ், மெலிந்து நீண்ட எலபிரோசோரஸ். எலி அளவான பாலூட்டிகளின் தாடையும் பல்லும்கூடக் கிடைத்தன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள மொரிசன் பாறைத்தொகுதியும் இதே காலம்தான், அங்கேயும் இவற்றின் உறவினங்கள் இருந்தன. இரு கண்டங்களின் விலங்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க உதவுவதால்தான் உலகின் டைனோசர் ஆய்வாளர் எல்லோரும் தெண்டகுருவை எப்போதாவது ஒருமுறை தேடி வரவேண்டியிருக்கிறது.

அதற்கு முன் நடந்தது

1906இல் பேர்ண்ஹார்ட் சாட்லர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் இரத்தினக் கற்களைத் தேடும் ஒரு கம்பனிக்காக லிண்டியின் உட்பகுதியில் அலைந்தபோது இந்த எலும்புகளைக் கண்டார் என்று பழைய புத்தகங்கள் தொடங்கும். 'கண்டுபிடித்தார்' என்பார்கள். அங்கு வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்தில் துருத்திக்கொண்டு நின்ற எலும்புகளை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். வெள்ளையர் ஒருவர் அறிக்கை எழுதினால்தான் கண்டுபிடிப்பு என்ற கணக்கை நாமும் பள்ளியில் படித்திருக்கிறோம்.

1906 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அந்தப் பிரதேசம் அப்போது ஜேர்மன் கிழக்காபிரிக்கா. கொலனி நிர்வாகம் மக்களைக் கட்டாயமாகப் பருத்தி பயிரிட வைத்தது. குடிசைக்கு வரி, அதைக் காசாகக் கட்ட வேண்டும். (அங்கு அப்போது புழங்கிய காசின் பெயரும் ரூபாய்தான்.) 1905 யூலையில் கில்வாவின் உட்பகுதியில், மாதும்பி மலைகளில் மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதிலிருந்து எழுந்த போரை மஜி மஜி போர் என்கிறார்கள். 'மஜி' என்றால் சுவாகிலி மொழியில் தண்ணீர். கிஞ்சிகிட்டிலே என்ற ஒருவர், தான் கொடுக்கும் மருந்து நீர் பகைவரின் குண்டுகளைத் தண்ணீராக்கும் என்றார். தமக்குள் ஒன்றுசேராதிருந்த பல இனத்தவரை அந்த நம்பிக்கை ஒன்றாக்கியது. லிண்டியின் உட்பகுதி முவேரா மக்களும் சேர்ந்தார்கள். குண்டுகள் தண்ணீராகவில்லை.

இயந்திரத் துப்பாக்கியால் மட்டும் இந்தப் போர் முடிக்கப்படவில்லை. ஊர்களை எரித்தார்கள், களஞ்சியத் தானியத்தை எடுத்தார்கள் அல்லது அழித்தார்கள், வயலில் நின்ற பயிரை வெட்டினார்கள். பட்டினிதான் இந்த மக்களைப் பணிய வைக்கும் என்று ஜேர்மன் படை அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். உணவை ஆயுதமாக்குவது என்றால் என்ன என்று இந்தக் கட்டுரையை வாசிப்போருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1907 வரை போர் நீடித்தது, அதன் பின்னாலும் பஞ்சம் நீடித்தது. ஜேர்மன் பக்கத்தில் இறந்த ஐரோப்பியர் 15 பேர். ஆபிரிக்கரில் 75,000 பேர் என்பது அக்கால ஜேர்மன் அரசின் கணக்கு. பிற்கால வரலாற்றாசிரியர்கள் 250,000 முதல் 300,000 வரை என்கிறார்கள். இந்த இரு கணக்குகளுக்கும் இடையில் உள்ள தூரமும் எங்களுக்குப் பழக்கமானதே.

1907இல் ஸ்ருட்காட் நகரப் பேராசிரியர் எபர்ஹார்ட் ஃபிராஸ் தெண்டகுருவுக்கு வந்து சில எலும்புகளை எடுத்துப் போனார். அவருடைய செய்தி பேர்லினை உசுப்பியது. 1908இல் அமெரிக்கச் செல்வந்தர் கார்னகி தனது டிப்ளோடோகஸ் எலும்புக்கூட்டின் வார்ப்பு ஒன்றை ஜேர்மன் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அமெரிக்கரின் வார்ப்பை வைத்துக்கொண்டிருப்பதா, எமது கொலனியில் உண்மையான எலும்பே கிடக்கிறதே என்ற எண்ணம் எழுந்தது. அருங்காட்சியகப் பணிப்பாளர் வில்ஹெல்ம் வொன் பிராங்கா செல்வந்தரிடம் பணம் திரட்டினார். 'உரிமையாளர் அற்ற' நிலமெல்லாம் முடிக்குரிய காணி என்று 1895லேயே கொலனியில் ஒரு கட்டளை இருந்தது. தெண்டகுரு நிலம் அந்தக் கட்டளையின் கீழ் வந்தது. அதில் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1909 முதல் 1913 வரை

யானென்ஷும் எட்வின் ஹென்னிக்கும் 1909 ஏப்ரலில் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை. முதலாண்டில் ஏறக்குறைய 170 தொழிலாளர். பின்னர் ஆண்டுக்கு 400, 500 என்று கூடியது. ஆளும் பயிரும் அற்றுப்போன பிரதேசத்தில் காசு கிடைக்கும் ஒரே பெரிய இடமாக அந்த முகாம் இருந்தது. வரி கட்டக் காசு வேண்டும். குடும்பத்தோடு வந்தார்கள், குன்றின் அடியில் ஓர் ஊரே எழுந்தது. இதைக் கட்டாய வேலை என்று நேரடியாகச் சொல்ல முடியாது, கூலி கொடுத்தார்கள். ஆனால் எரிந்த ஊரிலிருந்து வரும் ஒருவர் கூலிக்கு ஒப்புக்கொள்வதை விருப்பம் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

எலும்பு எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதரை வெட்டி, மேல்மண்ணை மண்வெட்டியால் அகற்றி, எலும்பு தென்பட்டதும் கத்தியும் சிறு உளியும் தூரிகையும் கொண்டு மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். கல்லாகிவிட்ட எலும்பு உறுதியானது என்று நினைப்போம். உண்மையில் அது வெடித்துப் போயிருக்கும், அவசரப்பட்டால் நொருங்கிவிடும். பெரிய எலும்புகளை இருந்த வெடிப்புகளின் வழியே துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டு, சாந்தோ களிமண்ணோ பூசிக் கட்டினார்கள். பொதிகட்டப் பயன்பட்டது அங்கு வளர்ந்த மூங்கில். மூங்கிலைப் பிளந்து எலும்பைச் சுற்றிக் கூடைபோல இறுக்கினார்கள். சிறிய எலும்புகளை மூங்கில் குழாய்க்குள்ளேயே அடைத்தார்கள். இந்த வேலையின் நுணுக்கம் முழுவதும் உள்ளூர்க் கைகளில் இருந்தது. ஜேர்மன் ஆய்வாளர் எந்த வேளையிலும் ஓரிருவர், குழிகளோ பல கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து கிடந்தன. பல குழிகளை நாள் முழுவதும் மேற்பார்த்து, எலும்பை வெளியே எடுத்து, பொதிகட்டி அனுப்பியவர்கள் உள்ளூர் மேற்பார்வையாளர்களே. அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் போஹெட்டி பின் அம்ரானி.

பிறகு சுமை. செற்சி ஈயின் நோயால் அந்தப் பகுதியில் மாடோ குதிரையோ வண்டி இழுக்காது, செத்துவிடும். லிண்டி வரை எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் போக வேண்டும். நடை நான்கு நாள். கிழக்காபிரிக்காவில் ஒரு சுமைதூக்கிக்கு வழமையான சுமை ஏறக்குறைய 30 கிலோ. அதற்கு மேற்பட்ட பொதியை மூங்கில் தடியில் தொங்கவிட்டுப் பலர் சேர்ந்து தூக்கினார்கள். நான்கு அகழ்வுக் காலங்களிலும் இப்படி 5,000க்கும் மேற்பட்ட சுமைகள் போயின. 200 தொன்னுக்கு மேல். லிண்டியிலிருந்து கப்பலில் ஜேர்மனிக்கு.

அந்தக் காலத்துப் படங்கள் இருக்கின்றன. காட்டுப் பாதையில் ஒற்றை வரிசையாக மனிதர்கள், ஒவ்வொரு தலையிலும் ஒரு பொதி. படங்களின் கீழே எலும்பின் பெயரோ குழியின் எழுத்தோ இருக்கும். ஆட்களின் பெயர் இராது.

பெயர்கள்

உயிர்ச்சுவடு ஒன்றுக்குப் பெயரிடுவது ஆய்வாளரின் உரிமை. யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறாரோ அவர் பெயரை இனப்பெயராக்கலாம். தெண்டகுருவின் பட்டியலைப் பாருங்கள். ஜிரஃபாட்டிட்டன் பிராங்காய்: அருங்காட்சியகப் பணிப்பாளர் பிராங்கா. டைக்ரியோசோரஸ் ஹான்செமானி: பணம் திரட்ட உதவிய ஹான்செமான். எலபிரோசோரஸ் பாம்பெர்கி: பணம் கொடுத்த தொழிலதிபர் பாம்பெர்க்.

டைசலோட்டோசோரஸின் முழுப் பெயர் டைசலோட்டோசோரஸ் லெட்டோவொர்பெக்கி. 1919இல் இடப்பட்டது. பௌல் வொன் லெட்டோ-வொர்பெக், முதலாம் உலகப் போரில் ஜேர்மன் கிழக்காபிரிக்காவின் படைத்தளபதி. அதற்கு முன் நமீபியாவில் ஹெரேரோ மக்களை அழித்த படையெடுப்பில் பணியாற்றியவர். 1914 முதல் 1918 வரை அவர் கிழக்காபிரிக்காவில் நடத்திய போரை ஜேர்மனியில் வீரகதையாகக் கொண்டாடினார்கள். அந்தப் போரில் இரு தரப்பும் ஊர்களிலிருந்து ஆண்களைச் சுமைதூக்கிகளாகப் பிடித்துக்கொண்டு போயின. தானியத்தையும் எடுத்தன. பிரித்தானியர் பக்கம் சென்ற சுமைதூக்கிகளில் மட்டும் 90,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பசியாலும். எலும்பு சுமந்த அதே பிரதேசத்தின் மக்கள் அடுத்த சில ஆண்டுகளில் வெடிமருந்து சுமந்தார்கள். ஆனால் எலும்புக்குக் கிடைத்தது தளபதியின் பெயர். விலங்கியல் விதிப்படி ஒருமுறை இட்ட பெயரை அரசியல் காரணத்துக்காக மாற்ற இயலாது. இன்றும் அந்தச் சிறு மிருகம் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

போஹெட்டியின் பெயரை ஒரு டைனோசருக்கு வைக்க 2007 வரை ஆனது. ஆஸ்ட்ராலோடோகஸ் போஹெட்டியீ. இரண்டு கழுத்தெலும்புகளைக் கொண்டு விபரிக்கப்பட்ட இனம். 2019இல் இன்னொன்று: வம்வேராகோடியா கெரஞ்சேய். முவேரா மக்களின் பெயரும், அந்த எலும்பு கிடந்த குழியில் வேலையை நடத்திய முகமதி கெரஞ்சேயின் பெயரும் அதில் சேர்ந்திருக்கின்றன. 'கோடியா' என்றால் வால். அவர் தோண்டி எடுத்த வாலெலும்பு நெடுங்காலமாக வேறு ஒரு இனத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஜேர்மனி போரில் தோற்றதும் கொலனி பிரித்தானியரிடம் போனது. லண்டன் அருங்காட்சியகம் 1924 முதல் 1931 வரை அங்கு தோண்டியது. முதல் தலைவர் கட்லர் 1925இல் லிண்டியில் மலேரியாவால் இறந்தார். பின்னாளில் மனித இனத்தின் தோற்றம் பற்றிய ஆய்வில் பேர் பெற்ற லூயிஸ் லீக்கி, 20 வயது இளைஞராக அதில் சில மாதம் வேலை பழகினார். பேர்லின் அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை.

யாருடையது

பேர்லினில் எலும்புகளைச் சுத்தம் செய்து பொருத்தப் பல ஆண்டு பிடித்தது. உயர்ந்த எலும்புக்கூடு 1937இல்தான் நின்றது, நாசிகளின் ஆட்சியில், அவர்களின் கொடிகள் பின்னால் தொங்க. அது ஒரே மிருகத்தின் எலும்புகளால் ஆனதல்ல, பல குழிகளில் கிடைத்தவற்றைச் சேர்த்தது. இரண்டாம் உலகப் போரில் அதைக் கழற்றி நிலக்கீழ் அறையில் வைத்தார்கள், தப்பியது. 1945 பெப்ரவரியில் குண்டு விழுந்து கட்டடத்தின் கிழக்குப் பகுதி சிதைந்தது. டைசலோட்டோசோரஸ், கென்ட்ரோசோரஸ் எலும்புகளில் பெருந்தொகை அந்தப் போரில் அழிந்துபோயின. தோண்டி எடுத்தவர்கள் தங்கள் நாட்டில் அவற்றை ஒருமுறையும் பார்வைக்கு வைக்காமலே அவை இல்லாமல் போயின.

மீட்பு பற்றிய பேச்சு தன்சானியாவில் அடிக்கடி எழுகிறது. பாராளுமன்றத்திலும் கேட்டிருக்கிறார்கள். 2018இல் அந்நாட்டு வெளிநாட்டமைச்சர், எலும்புகளைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்றும், அதைவிட அகழ்வுக்கும் ஆய்வுக்கும் ஜேர்மனியின் உதவி பயன் தரும் என்றும் சொன்னார். கொண்டுவருவதும் வைத்துக் காப்பதும் பெருஞ்செலவு என்பது அவருடைய வாதம். லிண்டி மக்கள் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. தங்கள் பகுதிக்கு அதனால் ஒரு வீதியோ, ஒரு சிறு அருங்காட்சியகமோ வந்ததா என்று அவர்கள் கேட்பது நியாயம். 'உங்களிடம் வசதி இல்லை' என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1909இல் பேர்லினிடமும் அந்த எலும்பை நிறுத்தும் வசதி இருக்கவில்லை. எலும்பு வந்தது, பிறகு வசதி வந்தது.

சிறிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியரும் தன்சானியரும் சேர்ந்து மீண்டும் அங்கு ஆய்வு செய்தார்கள். களப்பு, மணல் திட்டு, ஊசியிலைக் காடு என்று மேலே நான் சொன்ன சித்திரம் பெருமளவில் அந்த ஆய்வால் தெளிவானது. 2018இல் பேர்லினிலேயே வரலாற்றாசிரியர்கள் அகழ்வின் கொலனியப் பின்னணியை ஆராய்ந்து பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். 2023 நவம்பர் 1ஆம் திகதி ஜேர்மன் ஜனாதிபதி ஸ்ரைன்மையர் தன்சானியாவின் சொங்கேயா நகருக்குப் போனார். தெண்டகுருவுக்கு மேற்கே வெகுதூரத்தில் உள்ள அந்த நகரம், 1906 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்ட தலைவர் சொங்கேயா ம்பானோவின் பெயர் கொண்டது. மஜி மஜி போரில் ஜேர்மனியர் செய்தவற்றுக்கு அவர் அங்கு மன்னிப்புக் கேட்டார். சொங்கேயாவின் வழிவந்தோர் இன்றும் அவருடைய மண்டையோட்டைத் தேடுகிறார்கள். அது ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டது என்பது அவர்களின் நம்பிக்கை. மிருகத்தின் எலும்புக்கு இலக்கமிட்டு, குழியின் எழுத்தைக் குறித்து, இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கும் ஒரு நாட்டிடம் அவர்கள் ஒரு மனிதரின் எலும்பு எங்கே என்று கேட்கிறார்கள்.

தெண்டகுருவில் இன்று பார்க்க அதிகம் இல்லை. குழிகளைக் காடு மூடிவிட்டது.

பேர்லின் களஞ்சியத்தில் 1913க்கு முன் கட்டப்பட்ட மூங்கில் பொதிகள் சில இந்த நூற்றாண்டிலும் பிரிக்கப்படாமலே இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அவற்றை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொதியை வெட்டாமல் விட்டதற்கு ஒரு காரணம், அந்தக் கட்டும் இப்போது ஓர் ஆவணம். பிளந்த மூங்கில், சுற்றிய கயிறு, முடிச்சு எல்லாம் தெண்டகுருவில் போட்டபடியே இருக்கின்றன.